வளைவில் ஊற்றிய தண்ணீர்

நாரணாபுரம்
12.1.2025

சேசு மரி சூசை துணை.

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் படியேறும்போது என்னோடு வாக்குவாதம் செய்கிறது. உனக்கு அந்த மலைக்குளிர் ஒத்துக்கொண்டதா?

நவதுறவகத்தில் ஒரு வருடத்துக்குப் போனே கூடாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று உங்கள் மதர் சொன்னபோது கேலி செய்தேன். இப்போது இந்த ஊர்த் தபாலாபீசில் இன்லண்ட் லெட்டர் வாங்குகிற ஒரே ஆள் நான்தானாம். என்னைக் கண்டால் போஸ்ட்மாஸ்டருக்கு முகம் மலர்ந்துவிடுகிறது.

அம்மாவைப் புதைத்துவிட்டு நீ மடத்துக்குத் திரும்பினாய், அக்கா விருதுநகருக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் காலையில் பேச ஆள் இல்லை. ரேடியோவோடு எத்தனை நாள் பேசுவது? அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். வெடிக் கம்பெனி வண்டிக்குப் பெண்கள் நம் வாசலில்தானே நிற்பார்கள்? அங்கே குழாய் வைத்த பெரிய சில்வர் டிரம் ஒன்றை வைத்து, 'அருள்புஷ்பம் நினைவாக' என்று எழுதிவிட்டேன். நம் கிணற்றுத் தண்ணீர். சுற்று வட்டாரத்தில் எல்லாம் உப்பு, நம் கிணறு மட்டும் நல்ல தண்ணி என்பது உனக்குத் தெரியும்.

முதல் நாள் நாலு பேர் பாட்டிலில் பிடித்தார்கள். இப்போது வரிசை நிற்கிறது. பத்திரகாளிதான் தலைவி. "அண்ணாச்சி, ஒங்க தண்ணி கல்கண்டால்லா இருக்கு! கம்பெனித் தண்ணிய வாயில வைக்க முடியல" என்கிறாள். விடியும் முன்னே எழுந்து தண்ணீர் இறைக்கிறேன். அம்மா இருந்தபோது கூட நான் இவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை. அவள் பார்த்திருந்தால் சிரித்திருப்பாள்.

எனக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்.

அன்பு அப்பா,
செல்வநாயகம்


நவதுறவகம்
2.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு ஜெஸ்லினின் தோத்திரம்.

நான் நலமாக இருக்கிறேன். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் நான் மூட்டை மாதிரி இருக்கிறேன் என்று மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் மதர் சத்தமாக வாசித்தார்கள். எல்லாருக்கும் டிரம் பிடித்துவிட்டது. இங்கே பகலில் அதிகம் பேசக்கூடாது, அப்பா. பழகிவிடும் என்கிறார்கள். சில நாள் மாலையில் உங்கள் ரேடியோ சத்தமாவது கேட்காதா என்று இருக்கிறது.

அக்காவின் வேலையே தண்ணீர் சோதிப்பதுதானே. நம் தண்ணீரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் என்று அவள் கையால் எழுதி வாங்கி டிரம்மில் ஒட்டிவிடலாம்.

உங்கள் மகள்,
ஜெஸ்லின்


நாரணாபுரம்
9.3.2025

சேசு மரி சூசை துணை.

மகளுக்கு அப்பா. சுகமாக இருக்கிறேன். கோபமாகவும் இருக்கிறேன்.

நீ சொன்னபடி அக்காவிடம் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் பாட்டில் கொண்டுவந்தாள். உள்ளே மருந்தில் தோய்த்துக் காயவைத்த காகிதம் இருக்கிறது. கோடு வரை நம் தண்ணீரை ஊற்றி, மூடி, அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். மனிதர் வயிற்றிலிருந்து வருகிற கிருமி இருந்தால் தண்ணீர் கறுக்குமாம். மறுநாள் பார்த்தால் கரியாகக் கறுத்திருந்தது.

நான் சிரித்துவிட்டேன். நாரணாபுரத்தில் எதுதான் கறுக்காது? முப்பது வருடத்துக்கு மேல் மருந்துக் கலவை அறையில் போர்மேனாக இருந்தவன் நான். என் உடம்பைப் பிழிந்தால் கந்தகம் வரும். அம்மாவின் வெள்ளிக் கொலுசு கறுக்காத மாதம் உண்டா? இந்த மண்ணில் கந்தகம், காற்றில் கந்தகம், அப்படியானால் கிணற்றில் மட்டும் இருக்காதா?

இன்றைக்கு வந்தவளிடம் இதைச் சொன்னேன். "கந்தகம் சும்மா கெடந்தா கறுக்காதுப்பா. உசுருள்ளது ஒண்ணு உள்ள இருந்து கறுக்க வைக்கணும். தண்ணியிலேயே கந்தக வாடை இருந்தா ஊத்துன ஒடனே கறுத்திருக்கும். இது ராத்திரி முழுக்க எடுத்திருக்கு. நீங்க ஏம்ப்பா கேக்க மாட்டேங்கீக?" என்றாள். கந்தகத்தைப் பற்றி எனக்கே பாடம். "ஒன் அம்மா பேருல வச்ச தண்ணிய நரகல்னு சொல்லுதியா?" என்று கேட்டுவிட்டேன். சாப்பிடாமல் போய்விட்டாள். போகும்போது கிணற்றில் கயிறு விட்டு இன்னொரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போனாள். பிடிவாதத்தில் என்னை உரித்து வைத்திருக்கிறாள்.

அதே தண்ணீரைத்தானே நானும் குடிக்கிறேன்? எனக்கு என்ன ஆயிற்று?

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. பத்திரகாளியைத்தான் பத்து நாளாகக் காணோம். காய்ச்சல், வயிற்றால் போகிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். வெயில் ஆரம்பித்துவிட்டதல்லவா? அவளுக்காகவும் வேண்டிக்கொள்.

அப்பா


விருதுநகர்
16.3.2025

அன்புத் தங்கை ஜெஸ்லினுக்கு வினோலியா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம்.

இந்தக் கடிதத்தை மதர் முதலில் வாசிப்பார்கள் என்று தெரியும். வாசிக்கட்டும். சாப்பாட்டு மேசையில் மட்டும் வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீரைச் சூலக்கரையிலுள்ள எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுபோய்ச் சோதித்தேன். கிருமி வளர்க்கிற திரவத்தில் நம் கிணற்றுத் தண்ணீரை விட்டு வெப்பப் பெட்டியில் வைத்தோம். எல்லாச் சோதனைக் குழாயிலும் வாயு ஏறியிருந்தது. ஈ-கோலி. மலம் கலக்காமல் அது வராது. சந்தேகமே இல்லை. என்ன சொன்னாலும் அப்பா கந்தகம் என்கிறார். வேறு ஊர்க்காரர் யாரும் அப்படி நினைக்கமாட்டார்கள். இவருக்கு உலகத்தில் கறுக்கிறதெல்லாம் கந்தகம்தான்.

எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அம்மா படுத்த பிறகு, கொல்லைவரை நடக்கவேண்டாம் என்று அப்பா அவசர அவசரமாகப் படுக்கையறையை ஒட்டிக் கக்கூஸ் கட்டினாரே, அதன் குழி கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். அம்மா கிடந்த கிடையில் யாருக்கு அது தோன்றியது?

அவரிடம் குழியைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்விக்கு அவரே போய்விடுவார். கடைசி மாதங்களில் அம்மாவுக்கு வயிறு நிற்கவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? மாத்திரைச் சூடு என்றார்கள். சிறுநீரகம் பழுதாகித்தான் அம்மா போனார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு, வயிற்றால் போய்ப் போய் உடம்பு வற்றுவது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஜெஸ்லின், இதைத் தெரிந்துகொண்டு அப்பா அந்த வீட்டில் தனியாக இருக்க முடியுமா?

நீ சொன்னால் கேட்பார். குழியைச் சொல்லாமல், அம்மாவைச் சொல்லாமல், டிரம்மை மட்டும் எடுக்கச் சொல்லி எழுது. சீக்கிரம்.

அக்கா


நவதுறவகம்
4.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு, உயிர்த்த ஆண்டவரின் சமாதானம்.

தவக்காலத்தில் கடிதம் எழுத அனுமதி இல்லை. நீங்கள் தபால்காரரைத் திட்டியிருப்பீர்கள். நான் நலம்.

உங்கள் வயிறு எப்படி இருக்கிறது? தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். வயதான காலத்தில் விடியும் முன்னே எழுந்து இவ்வளவு தண்ணீர் இறைக்க வேண்டுமா? டிரம்மை எடுத்துவிட்டு, அம்மா பேரில் கோயிலுக்கு வேறு ஏதாவது செய்யலாமே. நாற்காலிகள் வாங்கலாம்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்து எழுதினேன். என் கையெழுத்து மோசமாக இருந்தால் அதுதான் காரணம்.

ஜெஸ்லின்


நாரணாபுரம்
25.5.2025

சேசு மரி சூசை துணை.

மகளுக்கு அப்பா. உடம்பு கல்லாக இருக்கிறது. முழங்காலுக்கு நல்லது என்று அக்கா சொன்னதால் சுக்குத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க வைத்து, அதைத்தான் குடிக்கிறேன். எங்களுக்குள் ராசி வந்துவிட்டது. பாட்டில் பேச்சை அவளும் எடுப்பதில்லை.

நாற்காலியா? கோயிலில் உட்கார ஆள் இல்லாமல் நாற்காலிகள்தான் பூசை பார்க்கின்றன. உனக்கு யாரோ எதையோ ஓதியிருக்கிறார்கள்.

இங்கே நிலவரத்தைக் கேள். சீசன் வேலை சூடுபிடித்துவிட்டது. வண்டி வருவதற்குள் டிரம் காலியாகிவிடுகிறது. சில நாள் இரண்டாம் தடவை நிரப்புகிறேன். பத்திரகாளி குணமாகி வந்துவிட்டாள். ஆள் பாதியாக மெலிந்திருக்கிறாள், ஆனாலும் முதல் பாட்டில் அவள்தான் பிடிக்கிறாள். "அண்ணாச்சி, நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?" என்று ஒவ்வொருத்தியும் கேட்டுவிட்டுத்தான் போகிறாள். முன்பு இப்படிக் கேட்டதில்லை. இப்போது என்மேல் எல்லாருக்கும் பிரியம் கூடியிருக்கிறது. வண்டி போன பிறகு தெரு வெறிச்சென்று ஆகிவிடும். மறுநாள் காலைவரை அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

தண்ணீர் கெட்டது என்றால் இத்தனை பேர் பிடிப்பார்களா, நீயே சொல்.

அப்பா


விருதுநகர்
8.6.2025

அன்பு ஜெஸ்லின், இங்கே எல்லாரும் சுகம்.

நாற்காலி யோசனை யாருடையது? போகட்டும். உன் நிலைமை எனக்குப் புரிகிறது.

ஒன்றை உன்னிடம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். மார்ச் மாதமே ஆஸ்பத்திரியில் பத்திரகாளி அக்காவைப் போய்ப் பார்த்தேன். டைபாய்டு. நம் தண்ணீரால்தான் என்று நிரூபிக்க முடியாது, இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. தண்ணீர் கெட்டிருக்கிறது, குடிக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான். "அண்ணாச்சிக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "தெரிஞ்சா மனுசன் ஒடிஞ்சு போவாருல்லா. நீ போம்மா, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள்.

எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் தெரியுமா? தினமும் வரிசையில் நின்று பாட்டிலில் பிடிக்கிறார்கள். அப்பாவிடம் நாலு வார்த்தை பேசுகிறார்கள். வண்டி தெரு வளைவில் திரும்பியதும், டிரைவர் நிறுத்துகிறார். எல்லாரும் சன்னல் வழியாகச் சாக்கடையில் ஊற்றிவிடுகிறார்கள். வீட்டிலிருந்து வேறு பாட்டில் கொண்டுவருகிறார்கள். ஒருத்தி விடாமல் அப்படித்தான்.

மற்ற ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் 'குடிக்க உகந்ததல்ல' என்று நான் கையெழுத்துப் போடுகிறேன். நம் கிணற்றுக்குப் போட வரவில்லை. சுக்கு என்று பொய் சொல்லி அப்பாவைக் கொதிநீர் குடிக்க வைத்திருக்கிறேன். எவ்வளவு நாளைக்கு என்று கேட்காதே. அத்தானிடம்கூட முழுவதும் சொல்லவில்லை. உனக்கு எழுதுகிற நாள் மட்டும் தூங்குகிறேன்.

அக்கா


நாரணாபுரம்
20.7.2025

மகளுக்கு அப்பா. சுகத்துக்குக் குறைவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்பு, சிநேகிதர் சங்கிலிமுத்துவின் அச்சு மை கம்பெனிக்கு ஒரு வேலையாகக் காலையில் சைக்கிளில் போனேன். நம் தெரு வளைவில் கம்பெனி வண்டி நின்றுகொண்டிருந்தது. சன்னலுக்குச் சன்னல் கை நீட்டித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என் தண்ணீர். பத்திரகாளி என்னைப் பார்த்துவிட்டாள். பாட்டிலை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் பார்க்காதது மாதிரி மிதித்துப் போய்விட்டேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதைவிட வெட்கம். அத்தனை பேரும் சேர்ந்து ஒரு கிழவனுக்குப் பொம்மை விளையாட்டு காட்டியிருக்கிறார்கள்.

உன் அக்காவைக் கூப்பிட்டு, தண்ணீர் கெட்டிருந்தால் எப்படிக் கெட்டது என்று கேட்டேன். "எப்படியோ கெட்டிருக்கும்ப்பா, விடுங்க" என்கிறாள். அவளா விடுகிறவள்? எதையோ விழுங்குகிறாள்.

பக்கத்து வீட்டு மகேஷ்குமார் போன வருடம் கக்கூஸ் கட்டினான். அந்தக் குழியாகத்தான் இருக்கும். சண்டைக்குப் போகிற மாதிரியே போனேன். அவன் நல்ல பையன். "சந்தேகம்னா சாயத்த ஊத்திப் பாருங்க அண்ணாச்சி, நானா வேண்டாம்ங்கேன்?" என்றான். அதுவும் நல்ல யோசனைதான். சங்கிலிமுத்துவிடம் தண்ணீரில் கரைகிற பச்சைச் சாயம் வாங்கினேன். ஒரு சிட்டிகை ஒரு தொட்டிக்குக் காணும், அப்படிப் பளீரென்று இருக்கும். அவன் குழியில் கரைத்து ஊற்றி ஒரு வாரத்துக்கு மேலாகிறது. நம் கிணற்றில் ஒரு பொட்டுப் பச்சை வரவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

டிரம்மைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவன் குழியைச் சோதித்துவிட்டு நம் குழியை விட்டால் நியாயமாகாது. நாளைக்கு அதிலும் ஊற்றுவேன்.

அப்பா


நவதுறவகம்
3.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. அந்தச் சாயத்தை நம் குழியில் ஊற்ற வேண்டாம். காரணம் கேட்காதீர்கள். கிணற்றை மூடிவிடுங்கள், அக்காவோடு போய் விருதுநகரில் இருங்கள். நான் கேட்கிற ஒன்றே ஒன்று இதுதான், அப்பா. ஊற்றவேண்டாம்.

ஜெஸ்லின்


நாரணாபுரம்
24.8.2025

சேசு மரி சூசை துணை.

ஜெஸ்லினுக்கு அப்பா.

உன் கடிதம் வருவதற்கு முன்பே ஊற்றிவிட்டேன். ஊற்றிய நாலாம் நாள் வாளியில் லேசாகத் தெரிந்தது. வெயில் பட்ட கண் கூச்சம் என்று நினைத்தேன். ஆறாம் நாள் வாளி முழுக்கப் பச்சை. அந்த வாளியைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் உன் கடிதம் வந்தது. 'காரணம் கேட்காதீர்கள்' என்று எழுதியிருக்கிறாய். நான் காரணத்தைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த நாள் வாசலில் நின்று, வண்டிக்கு வந்த பெண்களிடம் நானே சொன்னேன். "என் குழித் தண்ணி கெணத்துக்குள்ள போயிருக்கு தாயி. ஒங்களுக்கெல்லாம் நான்தான் ஊத்திக் கொடுத்திருக்கேன். வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சல் வந்திருந்தா டாக்டர்ட்ட சொல்லுங்க." பத்திரகாளி மட்டும் பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, நான் பொழச்சு வந்துட்டேன்லா? அத நெனைக்காதீக" என்றாள். நான் நினைத்தது அவளை அல்ல என்று எப்படிச் சொல்வது?

இப்போது வண்டிக்கு ஆட்கள் தெரு முக்கில் நிற்கிறார்கள். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுதான். வாசல் காலியாக இருக்கிறது.

அக்கா வந்தாள். அவளிடம் நேராகக் கேட்டேன். "அம்மா படுத்தபொறகு குடிச்சதும் இந்தத் தண்ணிதானே?" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் இரண்டு பேரும் இதைத் தெரிந்துகொண்டு, ஆளுக்கொரு பக்கம் இத்தனை மாதம் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மா வலியோடு கொல்லைக்கு நடப்பதைப் பார்க்க முடியாமல்தான் அந்தக் கக்கூஸைக் கட்டினேன். கொத்தனார் அந்தப் பக்கம் தோண்டட்டுமா என்று கேட்டார். தூரமாகப் போனால் நாளாகும், இங்கேயே தோண்டுங்கள் என்று இடத்தைக் காலால் மிதித்துக் காட்டியது நான்தான். ஆஸ்பத்திரிப் பாட்டில் தண்ணீரை அவள் துப்பிவிட்டாள். "நம்ம கெணத்துத் தண்ணி கொண்டாங்க" என்றாள். கொண்டுபோய் ஸ்பூனால் ஊட்டினேன். எவ்வளவு ஆசையாகக் குடித்தாள் தெரியுமா!

அக்கா சொல்லமாட்டாள். நீ கடவுளுக்கு வார்த்தை கொடுக்கப் போகிறவள், பொய் சொல்லமாட்டாய். உன்னிடம் கேட்கிறேன். நான்தானா?

அப்பா


நவதுறவகம்
7.9.2025

என் அப்பாவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை. நேராகவே எழுதுகிறேன்.

தெரியாது, அப்பா. எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. அன்றைக்குத் தண்ணீரில் என்ன இருந்தது என்று இன்றைக்கு எந்தப் பாட்டிலாலும் சொல்ல முடியாது. அம்மாவின் சிறுநீரகம் அதற்கு முன்பே பழுதாகியிருந்தது உண்மை. அந்தத் தண்ணீர் இன்னும் கெடுதல் செய்திருக்கலாம் என்பதும் உண்மை. 'நீங்கள் இல்லை' என்று எழுத ஒரு வாரமாக முயற்சி செய்தேன். உங்களுக்கு அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும். அதனால் எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை மதர் வாசித்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, நானும் வாசிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு, பூட்டி வைத்திருக்கிற ஆபீஸ் போனின் சாவியை என் கையில் கொடுத்தார்கள். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் நான் கூப்பிடுவேன். அக்காவையும் அன்றைக்கு அங்கே வரச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்குப் பேச்சு வராவிட்டால் பேசவேண்டாம். எனக்கும் வரும் என்று நிச்சயம் இல்லை. போனை மட்டும் வைத்துவிடாதீர்கள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்போம்.

ஜெஸ்லின்